விருந்துக்குப் போன இடத்தில் வேலிக்குக் கதியால் போடுதல்

இலங்கையின் வடக்கே வன்னியில் உறவினர் வீட்டுக்குச் சில நாள் தங்கப் போகிறவர், முதல் நாள் மாலை வளவைச் சுற்றி ஒருமுறை நடந்தாலே போதும். செய்யப்படாமல் கிடக்கும் வேலை ஒன்று கண்ணில் பட்டுவிடும். பெரும்பாலும் அது வேலியாக இருக்கும். போன மாரியில் சாய்ந்த கதியால்கள், அதாவது வேலிக்கு ஊன்றிய உயிர்த்தடிகள், நிமிர்த்தப்படாமல் கிடக்கும். கறள் பிடித்த முட்கம்பி ஒரு பக்கம் தொங்கும். கட்டாக்காலி மாடுகள் இரவில் புகுந்து போகும் பொட்டில் பழைய தகரத் துண்டும் காவோலையும் செருகப்பட்டிருக்கும். வீட்டில் இருப்பவர்கள் வயதானவர்கள், பிள்ளைகள் கொழும்பிலோ வெளிநாட்டிலோ இருக்கிறார்கள் என்றால், அடுத்த மாரிக்குள் அந்தப் பொட்டு படலை அளவுக்குப் பெருத்துவிடும். வந்த நாமே இதைச் செய்து கொடுத்துவிட்டுப் போகலாமே என்ற எண்ணம் அப்போது எழுவது இயல்பு.

கதியால் போடுவது, பார்வைக்குத் தடியை வெட்டி மண்ணில் ஊன்றுகிற வேலைதான். ஆனால் ஊன்றப்படுவது வெறும் கம்பம் அன்று. வேர்விட்டு மரமாக வேண்டிய கிளை. அது பிழைத்ததா என்பது, ஊன்றியவர் பயணப்பையைக் கட்டிக்கொண்டு போய் இரண்டு மூன்று மாதம் கழிந்த பிறகே தெரியவரும். நான் இதைக் கற்றுக்கொண்டது, ஒட்டுசுட்டானுக்குக் கிட்ட இருக்கும் என் மாமி வீட்டில். ஓகஸ்ட் மாதத்தில், மடுத் திருவிழாவுக்குப் போய்த் திரும்பிய கையோடு, முப்பது கதியால்களை இரண்டு நாளில் ஊன்றி முடித்து, படமும் எடுத்துக்கொண்டு நான் கொழும்புக்கு வந்துவிட்டேன். கிணறு அடிக்குப் போய்க்கொண்டிருந்த அந்தக் கோடையில், மருமகன் போட்ட வேலி என்பதற்காகவே மாமி மாலைதோறும் அவற்றுக்குத் தண்ணீர் இறைத்து ஊற்றியிருக்கிறார். மிஞ்சியவை மூன்று. அதையும் அவர் எனக்குச் சொல்லவில்லை. அடுத்த முறை போனபோது விறகுக் குவியலில் நானே கண்டேன். ஆகவே, விருந்தாளி போடும் வேலி அவர் இல்லாதபோது வீட்டாருக்குப் புதிய வேலை வைக்கக்கூடாது என்ற ஒரே கணக்கை வைத்துக்கொண்டுதான் இந்த வழிமுறையை எழுதுகிறேன்.

கத்தியை எடுக்கும் முன்

முதலில் வீட்டாரிடம் கேட்க வேண்டியது, வேலி எதற்காக என்பதே. மாட்டைத் தடுக்கவா, ஆட்டைத் தடுக்கவா, கோழி வெளியே போகாமல் இருக்கவா, தெருவில் போகிறவர்கள் முற்றத்தைப் பார்க்காமல் இருக்கவா என்பதைப் பொறுத்துத் தடியின் இடைவெளியும் கீழ்ப்பகுதி அடைப்பும் மாறும். பன்றிக்கும் யானைக்கும் இந்த வேலி மருந்தாகாது. காட்டோரக் காணிகளில் அவற்றுக்குப் பயந்து கேட்கிறார்கள் என்றால் அதை வெளிப்படையாகச் சொல்லிவிடுவது நல்லது. எந்த இடத்தில் உள்ள பொட்டு உண்மையிலேயே அடைக்கப்பட வேண்டியது என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். சில பொட்டுகள் பிழையால் உண்டானவை அல்ல. பக்கத்து வீட்டு மாமி கிணற்றுக்கு வருகிற வழியாக, பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு ஓடும் குறுக்குப் பாதையாக, பல ஆண்டுகளாக இரு வீட்டாரின் சம்மதத்தோடு இருப்பவை. அதை ஆர்வத்தில் அடைத்துவிட்டு நீங்கள் போய்விடலாம். மாமி போக முடியாது.

எல்லை என்பது இன்னும் கவனமாகத் தொட வேண்டிய விடயம். இடப்பெயர்வுகளில் உறுதிகளும் நில அளவைப் படங்களும் தொலைந்துபோன குடும்பங்கள் வன்னியில் ஏராளம் என்பதால், பழைய வேலியின் பட்டுப்போன அடிக்கட்டையே சில காணிகளில் எல்லைக்குச் சாட்சியாக நிற்கிறது. தடையில்லாமல் 10 வருடம் ஆண்டு அனுபவித்த நிலத்துக்கு உரிமை கோர இலங்கைச் சட்டம் இடம் கொடுப்பதால், ஒரு முழம் உள்ளே தள்ளிப் போட்ட வேலியும் ஒரு முழம் வெளியே தள்ளிப் போட்ட வேலியும் பின்னாளில் வழக்காக வளரக்கூடியவை. ஆகையால் பழைய கட்டைகளைப் பிடுங்காதீர்கள். எல்லைக் கல்லை அசைக்காதீர்கள். பழைய வரிசையிலேயே கயிறு பிடியுங்கள். பக்கத்து வளவுக்காரரிடம் முதல் நாளே போய்ச் சொல்லி, முடிந்தால் கயிறு கட்டும்போது அவரையும் வரிசையில் நிற்கச் செய்யுங்கள். அவர் வெளிநாட்டில் இருந்தால், காணியைப் பார்த்துக்கொள்கிறவருக்காவது தெரிந்திருக்க வேண்டும்.

இனி, மண்ணைப் பற்றியது. போர் 2009 மே மாதத்தில் முடிந்தது. அதன்பிறகு ஹலோ ட்ரஸ்ட், மக், டாஷ் போன்ற கண்ணிவெடி அகற்றும் நிறுவனங்களும் இராணுவப் பிரிவுகளும் பெரும் பரப்பைத் துப்புரவாக்கியிருக்கின்றன. ஆனாலும் தோண்டும்போது வெடிக்காத பொருள் தட்டுப்படாது என்று வன்னியில் யாரும் சத்தியம் செய்ய மாட்டார்கள். வேலி வரிசையில் பங்கர் இருந்ததா, மண் அணை இருந்ததா, எந்தப் பகுதியை வீட்டார் இதுவரை கொத்தாமல் விட்டிருக்கிறார்கள் என்று கேளுங்கள். கொத்தாமல் விட்ட இடத்தை நீங்களும் விட்டுவிடுங்கள். அலவாங்கில் இரும்புச் சத்தம் கேட்டால் வேலையை நிறுத்துங்கள். வெளியே தெரியும் பொருள் எவ்வளவு கறள் பிடித்திருந்தாலும் தொடவோ, புரட்டவோ, அதன்மேல் எதையும் போடவோ கூடாது. வந்த தடத்திலேயே பின்வாங்கி, தூரத்தில் அடையாளம் வைத்து, பிள்ளைகளையும் மாடுகளையும் விலக்கி, கிராம அலுவலருக்கோ 119 இல் பொலிசுக்கோ அறிவியுங்கள். கழித்த முள்ளையும் சருகையும் வேலி ஓரத்தில் குவித்துக் கொளுத்துவதும் இதே காரணத்துக்காகத் தவிர்க்கப்பட வேண்டியது. நிலத்துக்குள் கிடப்பது சூட்டில் வெடிக்கக்கூடும்.

பழைய வேலி ஓரத்தின் சருகுக்குள் விரியனும் நாகமும் சுருட்டையும் இருக்கும் என்பதை ஊரில் வளர்ந்தவருக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் இருபது ஆண்டு நகரத்தில் இருந்தவருடைய கை அதை மறந்துவிடும். சருகை ஒருபோதும் கையால் வாராமல், நீண்ட தடியால் தட்டிக் கிளப்பி, பிறகு வாரியால் இழுங்கள். மூடிய சப்பாத்து வேண்டும். பூவரசில் மயிர்க்கொட்டியும், மாமரத்தோடு ஒட்டிய கிளைகளில் முசுற்றுக் கூடும், கிளுவைப் பற்றைக்குள் குளவிக் கூடும் இருக்கிறதா என்று அண்ணாந்து பார்த்த பின்னரே கத்தியை ஓங்குங்கள்.

வந்த மாதம் எது?

வேலியின் வெற்றியில் பாதி இந்தக் கேள்விக்கான விடையில் இருக்கிறது. வன்னிக்கு மழையின் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் ஜனவரி வரையில், வடகீழ்ப் பருவக்காற்றோடும் அதற்கு முந்திய இடைப்பருவ இடிமழையோடும் வருகிறது. கதியால் போடுவதற்கு உரிய காலம் புரட்டாசிக் கடைசியும் ஐப்பசியும். முதல் இரண்டு நல்ல மழை விழுந்து, அலவாங்கு ஒரு முழம் இறங்கும் அளவுக்கு மண் நனைந்த உடனேயே தொடங்கலாம். அப்போது ஊன்றிய தடிக்கு முன்னால் மூன்று மாத ஈரம் இருக்கும். வேர் பிடிக்க அது போதும்.

ஆனால் விருந்தாளிகள் வருவது அந்த மாதத்தில் அன்று. வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கலுக்கும், ஓகஸ்ட் 15 இல் மடுவுக்கும், டிசம்பர் விடுமுறைக்குமே வருகிறார்கள். டிசம்பரில் வருகிறவர் மாதத்தின் முதற்பாதியிலேயே வந்துவிட்டால் தயங்காமல் போடலாம். தை பிறக்கும் நேரத்தில் போடும் தடிக்கு மழை மிச்சம் குறைவு. அப்போது ஊன்றுவதானால் கிணற்றுக்கு அருகான சிறு துண்டை மட்டும் செய்யுங்கள். குளத்துக்குக் கீழே உள்ள தாழ்ந்த களிமண் காணியாக இருந்து, துளைக்குள் தண்ணீர் ஊறி நின்றால், அந்த இடம் வடியும் வரை பொறுக்க வேண்டும். நின்ற நீரில் தடியின் அடி அழுகிவிடும்.

வைகாசியிலோ ஓகஸ்டிலோ வந்தவர் உயிர்க் கதியால் போடவே கூடாது. இதைச் சொல்வதற்காகவே மேலே மாமியின் கதையைச் சொன்னேன். அப்போது செய்யக்கூடிய வேலை வேறு இருக்கிறது: வரிசையைத் துப்புரவாக்கலாம்; தொங்கும் கம்பியை இழுத்துக் கட்டலாம்; பட்ட தடிகளை இனம் கண்டு எண்ணி வைக்கலாம்; பொட்டுகளில் இலந்தை முள்ளை இழுத்துப் போட்டு அந்தக் கோடைக்கு மாட்டை மறிக்கலாம்; பத்து அடிக்கு ஒன்றாகக் காய்ந்த தூண்கள் நட வேண்டிய இடங்களில் அவற்றை நட்டு முடிக்கலாம். தாய்மரங்களை மட்டும் அந்தக் காலத்தில் கழிக்க வேண்டாம். ஐப்பசிக்கு வேண்டிய தடி அவற்றில்தான் முற்றிக்கொண்டிருக்கும்.

பட்டதா, உறங்குகிறதா என்று பார்ப்பதிலும் கோடை ஏமாற்றும். கிளுவை வறட்சியில் இலை முழுவதையும் உதிர்த்துவிட்டு வெறுந்தடியாக நிற்கும். பட்டுவிட்டது என்று எண்ணி அதைப் பிடுங்கிய பட்டணத்துப் பிள்ளைகள் பற்றி ஒவ்வோர் ஊரிலும் ஒரு கதை உண்டு. தடியின் பட்டையை நகத்தால் மெல்லச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே பச்சையும் ஈரமும் தெரிந்தால் அது உயிரோடு இருக்கிறது. அடியில், நடுவில், நுனியில் என மூன்று இடங்களிலும் பழுப்பாகவும் உலர்ந்தும் இருந்தால் மட்டுமே பட்டது என்று கொள்ளலாம்.

எந்த மரத்துத் தடி

அயலில் எந்தக் கதியால் நன்றாக நிற்கிறதோ, அதுவே அந்த மண்ணுக்கு உரியது. வேறொரு நூல் வேறு மரத்தைப் புகழ்ந்தாலும் பக்கத்து வேலியைத்தான் நான் நம்புவேன். முதல் முறை செய்கிறவருக்குச் சீமைக்கிளுவையைப் போல இடம் கொடுக்கும் மரம் வேறில்லை. மத்திய அமெரிக்காவில் இருந்து வந்த இந்த மரம் இலேசில் வேர் பிடிக்கும். வெட்ட வெட்டத் துளிர்க்கும். அதன் இலை தென்னைக்கும் வாழைக்கும் நல்ல பசளை. அந்த மணத்துக்குப் பழகாத ஆடு முதலில் முகர்ந்துவிட்டு விலகிப் போகும்; சில மணி நேரம் வாடவிட்டுப் போட்டால் தின்னும். புதிதாகத் துளிர்க்கும் வேலிக்கு ஆட்டின் இந்தத் தயக்கம் ஒரு பாதுகாப்பு.

ஊர்க் கிளுவை மெதுவாக வளர்ந்தாலும் வறட்சியை அதைவிடத் தாங்கும். ஆனால் அதன் துளிரை ஆடு விடாது. பூவரசு பருத்த தடியாகப் போட்டால் நன்றாக வரும்; பின்னாளில் அதன் வைரம் பலகைக்கும் உதவும். முள்முருக்கு வேகமாக எழும்பும். அதன் முள்ளே காவல். கலியாண வீட்டில் பொன்னுருக்கும் நாளில் கன்னிக்காலாக நடப்படுவதும் அதுவே என்பதால், வேலியில் ஒன்றிரண்டு முள்முருக்கு நிற்பதைப் பெரியவர்கள் விரும்புவார்கள். ஆனால் இலையும் குருத்தும் வீங்கி முடிச்சு முடிச்சாகத் திரண்டிருக்கும் முள்முருக்கில் தடி வெட்ட வேண்டாம். அது மிகச் சிறிய ஒரு குளவியின் முட்டையால் வருவது. அந்தத் தடியோடு நோயும் வரிசைக்கு வந்துவிடும். காட்டாமணக்கை எந்த விலங்கும் கடிக்காது என்பது உண்மைதான். எனினும் அதன் விதை நஞ்சு என்பதால் சிறு பிள்ளைகள் விளையாடும் வளவில் நான் அதைப் போட மாட்டேன். தூண் தேடிக் காட்டுக்குள் போவதும் வேண்டாம். பாலையும் முதிரையும் ஊரவர் வெட்டிய காலம் போய்விட்டது. அனுமதியில்லாமல் வெட்டினால் வனத்திணைக்களத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள் அல்லர், வீட்டுக்காரர்.

தடி வெட்டுதல்

எத்தனை வேண்டும் என்று முதலில் கணக்கிடுங்கள். தடிக்குத் தடி ஒன்றரை அடி, அதாவது ஏறத்தாழ ஒரு முழம் விட்டால், 60 அடி நீளத்துக்கு 41 தடி வேண்டும். அதற்கு மேல் பத்துத் தடி கூடுதலாக வெட்டுங்கள். அவை எதற்கு என்று கடைசியில் சொல்கிறேன். பழக்கமில்லாத இருவருக்கு 60 அடியே இரண்டு காலைப் பொழுது வேலை. முழு வளவையும் சுற்றிப் போடும் ஆசையை அடக்கிக்கொண்டு, மாடு புகும் அந்த ஒரு பக்கத்தை ஒழுங்காகச் செய்வதே வந்தவருக்கு அழகு.

பட்டை சாம்பல் நிறமாக முற்றிய, ஒன்று அல்லது இரண்டு வயதான கிளையைத் தேர்ந்தெடுங்கள். பட்டை இன்னும் பச்சையாக இருக்கும் இளங்கிளை ஒரு கிழமையில் வாடிச் சுருங்கிவிடும். பருமன் மணிக்கட்டு அளவாவது இருக்க வேண்டும். வேர் வரும்வரை தடி தன் உடம்பில் சேர்த்து வைத்த உணவில்தான் வாழ வேண்டும் என்பதால், மெலிந்த தடியைவிடப் பருத்த தடி பிழைக்கும் வாய்ப்பு அதிகம். நீளம் ஆறு அடி போதும். ஒன்றரை அடி மண்ணுக்குள் போனாலும் நாலரை அடி வெளியே நிற்கும். ஒரே மரத்தை மொட்டையாக்காமல், ஐந்தாறு மரங்களில் பிரித்து வெட்டுங்கள்.

கத்தி கூர்மையாக இருப்பது இந்த வேலையில் வெறும் வசதிக்காக அன்று. மொட்டைக் கத்தியால் நாலு முறை கொத்தினால் தடியின் அடி நசுங்கிப் பட்டை கிழியும். கிழிந்த இடத்தில் வேர் வராமல் அழுகல் வரும். கத்தி பழகாதவர் கைவாளால் அறுப்பது நல்லது. கிளையை மேலே இருந்து நிலத்தில் விழவிடாமல் கீழே ஒருவர் தாங்கிப் பிடிக்க வேண்டும். அடியையும் நுனியையும் சாய்வாக வெட்டுங்கள். அடியின் சாய்வு மண்ணுக்குள் இறங்க உதவும், நுனியின் சாய்வில் மழைநீர் தங்காமல் வடியும். இலையையும் பக்கச் சிம்புகளையும் முழுவதுமாகக் கழித்துவிட வேண்டும். பார்வைக்கு அழகாக இருக்கட்டும் என்று நாலு இலையை விட்டால், அந்த நாலு இலையும் தடியின் ஈரத்தை உறிஞ்சி வெளியே விட்டுவிடும்.

கழித்து அடுக்கிய தடியில் அடி எது, நுனி எது என்பது மாறிப்போவது, புதியவர் செய்யும் தவறுகளில் முதலாவது. ஏறக்குறைய ஒரே பருமனான தடிகளில் இது கண்ணுக்குத் தெரியாது. என் முப்பதில் நாலைந்து தடிகள் தலைகீழாக நின்றன. "தம்பி, அடி எது, நுனி எது எண்டு பாத்தனியே?" என்று பக்கத்து வளவு ஐயா வேலிக்கு அப்பால் நின்று கேட்டபோது, கேள்வியே எனக்கு விளங்கவில்லை. தடியில் இலை உதிர்ந்த தழும்பைப் பாருங்கள்; தழும்புக்கு மேலேதான் மொட்டு இருக்கும். மொட்டு தழும்புக்குக் கீழே தெரிந்தால் தடி தலைகீழாக இருக்கிறது. இதைவிட எளிய வழி, வெட்டியவுடனேயே ஒவ்வொரு நுனியிலும் வெற்றிலைத் தட்டில் இருக்கும் சுண்ணாம்பில் ஒரு பொட்டு வைத்துவிடுவது.

வெட்டிய தடிகளை ஒருநாள் நிழலில் நிமிர்த்திச் சாத்தி வையுங்கள். வெட்டுவாயில் கசியும் பால் அடங்கும். இரண்டு மூன்று நாளுக்கு மேல் போகவேண்டாம். வெயிலில் கிடத்தவே கூடாது.

ஊன்றுதல்

கயிற்றை இழுத்துக் கட்டிய பிறகு, பத்து அடிக்கு ஒன்றாக உறுதியான காய்ந்த தூண்களை முதலில் நட்டுக்கொள்ளுங்கள். கறையான் ஏறாமல் இருக்க, தூணின் மண்ணுக்குள் போகும் பகுதியை நெருப்பில் கருக்கியோ, கழிவு எண்ணெய் பூசியோ நடுவது வழக்கம். உயிர்த்தடிக்கு அந்த எண்ணெய் ஒரு துளியும் படக்கூடாது. வேலியின் பாரத்தைத் தாங்குவது இந்தத் தூண்களின் வேலை. உயிர்த்தடிகளின் முதல் ஆண்டு வேலை வேர் விடுவது மட்டுமே.

அலவாங்கை ஒரே இடத்தில் குத்தி, வட்டமாக ஆட்டி, தடியைவிடச் சற்று அகலமான துளையை ஒரு முழ ஆழத்துக்கு இறக்குங்கள். செம்மண் மேட்டு நிலம் மேலே நனைந்து உள்ளே இறுகியிருந்தால், முதல் நாள் மாலை அந்த இடத்தில் ஒரு வாளி தண்ணீர் ஊற்றி வைத்தால் காலையில் அலவாங்கு இறங்கும். தடியைத் துளைக்குள் கையால் இறக்க வேண்டுமே தவிர, தலையில் சுத்தியலால் அடித்து இறக்கக்கூடாது. அடித்தால் நுனி பிளக்கும், அடியில் பட்டை உரிந்து மேலே ஏறிவிடும். பழைய தடி உக்கிப்போன துளையில் கறையான் இருக்கும் என்பதால், அதற்கு ஒரு சாண் தள்ளிப் புதுத்துளை போடுங்கள்.

மண்ணை ஒரேயடியாகத் தள்ளி மேலே காலால் மிதிப்பது போதாது. ஒரு கைப்பிடி மண் போட்டு மெல்லிய தடியால் இடித்து, மறுபடி போட்டு மறுபடி இடித்து, நிலமட்டம் வரை இறுக்கிக்கொண்டு வரவேண்டும். உள்ளே காற்று நின்ற இடத்தில் வேர் வராது. இடித்து முடித்த தடியை இரண்டு விரலால் தள்ளிப் பாருங்கள். அசைந்தால் மறுபடி இடியுங்கள். தடியைச் சுற்றி மண்ணைச் சற்றே கூட்டி அணைத்து, நுனி வெட்டில் பசுஞ்சாணத்தை அப்பிவிட்டால் வெட்டுவாய் வெடித்து உலராது.

அடுத்தது வரிச்சு. முழங்கால் உயரத்தில் ஒன்றும் நெஞ்சு உயரத்தில் ஒன்றுமாகக் கிடையாகத் தடிகளை வைத்து, தூண்களோடும் கதியால்களோடும் சேர்த்துக் கட்ட வேண்டும். இதற்கு வேலியின் உள்ளே ஒருவரும் வெளியே ஒருவரும் நிற்பது வசதி. அடர்ந்த வேலியானால் குத்தூசியில் கயிற்றைக் கோத்து இவர் குத்த, அவர் வாங்கித் திருப்பிக் குத்துவார். பக்கத்து வளவுக்காரரே அந்த அவராக இருந்தால், எல்லைப் பேச்சும் அங்கேயே முடிந்துவிடும். கட்டுவதற்குத் தும்புக் கயிறு அல்லது பனைநார் நல்லது. நைலோன் கயிறு உக்காது. தடி பருக்கும்போது பட்டைக்குள் இறங்கி அறுத்துவிடும். முட்கம்பியை இந்த ஆண்டு காய்ந்த தூண்களில் மட்டும் அடியுங்கள். வேர் பிடிக்காத தடியில் ஆணி அடிக்கும் ஒவ்வோர் அடியும் மண்ணுக்குள் அதை அசைக்கிறது.

போன பிறகு

இரண்டு மூன்று கிழமையில் தடியெங்கும் துளிர் வெடிக்கும். வீட்டார் மகிழ்ந்து தொலைபேசியில் படம் அனுப்புவார்கள். அந்தத் துளிரை நம்ப வேண்டாம். அது தடிக்குள் இருந்த சேமிப்பில் வந்தது. வேர் பெரும்பாலும் அதற்குப் பின்னரே வரும். பிடித்துவிட்டதா என்று யாராவது ஒரு முறை இழுத்துப் பார்த்தால், அப்போதுதான் முளைக்கும் வெள்ளை வேர்கள் அறுந்துவிடும். ஆகவே வீட்டாரிடம் விட்டுப்போக வேண்டிய முதல் வேண்டுகோள், தடியை ஆட்டிப் பார்க்க வேண்டாம், அதில் கொடி கட்டி உடுப்புக் காயப்போட வேண்டாம், ஆட்டைக் கட்ட வேண்டாம் என்பதே. இரண்டு மாதம் கழிந்தும் துளிர் வாடாமல் புது இலை விட்டுக்கொண்டிருந்தால், வேர் பிடித்துவிட்டது என்று கொள்ளலாம்.

தண்ணீரைப் பற்றி நேர்மையாகப் பேசிவிடுங்கள். 41 தடிக்குத் தடிக்கு அரை வாளி என்றால், இருபது வாளிக்கு மேல். எழுபது வயதானவர் அதை நாள்தோறும் இறைக்க முடியாது, இறைக்கவும் கூடாது. உரிய காலத்தில் போட்ட வேலிக்கு அது தேவையும் இல்லை. மாரியின் நடுவில் பத்து நாளுக்கு மேல் மழை விட்டால் ஒரு முறை ஊற்றினால் போதும் என்று சொல்லி, அதற்கும் தோட்டக் குழாய் எட்டுகிறதா என்று நீங்கள் இருக்கும்போதே இழுத்துப் பார்த்து வையுங்கள். ஈரம் காக்க, கழித்த பச்சை இலையை வரிசை நெடுகப் பரப்பலாம்; ஆனால் தடியைத் தொடாமல் ஒரு சாண் விலக்கிப் போட வேண்டும். வைக்கோலைப் போட்டால் அது கறையானைக் கூட்டி வரும். வெளிப்புறத்தில் அடியை ஒட்டி இலந்தை முள்ளைக் கிடத்திவிட்டால், ஆடு துளிருக்கு எட்டாது.

முதல் ஆண்டு முழுவதும் கிளை கழிக்க வேண்டாம். எருவுக்கு இலை வேண்டும் என்று மூன்றாம் மாதமே நுனியை வெட்டுவது, தவழும் பிள்ளையைச் சுமை தூக்கச் சொல்வதற்குச் சமம். அடுத்த மாரிக்கு முன்னர் முதல் முறையாகக் கழிக்கலாம்; அதன்பிறகு அந்தக் கிளைகளே வேலியின் மற்றப் பக்கத்துக்குக் கதியாலாகும்.

இனி அந்தப் பத்துத் தடி. அவற்றைக் கிணற்றடியில், குளிக்கும் தண்ணீர் வடிந்தோடும் வாய்க்கால் கரையில், ஒரு சாண் இடைவெளியில் சும்மா ஊன்றிவிட்டுப் போங்கள். யாரும் தனியே தண்ணீர் ஊற்றாமலே அவை பிடித்துக்கொள்ளும். வரிசையில் நாலைந்து பட்டுத்தான் போகும். எவ்வளவு தேர்ந்த கை போட்டாலும் போகும். அடுத்த ஐப்பசியில், நீங்கள் வராவிட்டாலும், மாமியோ பக்கத்து வளவு ஐயாவோ கிணற்றடித் தடிகளில் நாலைந்தைச் சுற்றி மண்ணோடு தோண்டி எடுத்து, மேற்கிளையைக் கழித்து, அந்த இடங்களில் வைத்துவிடுவார்கள்.